மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல்

...சொல்லக்கூடாது, யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்றுதான் கோப்பாயிலிருந்து பஸ்ஸில் வரும்போதே நினைத்துக்கொண்டு வந்தேன், ஆனால் சொல்லாமல் இருப்பதற்கென்றால் ஏன் வந்தேன்? வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர்தான். ஃபான் சுற்றுகிறது, எனக்கு வேர்க்கிறது. காணாமற்போன பிள்ளைகளின் அடையாளம் எழுத வரச்சொல்லியிருக்கிறார்கள், தோண்டின இடத்தில் எடுத்த எலும்புகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காம். காலையில் அந்த டொக்டர் பிள்ளை, டிலக்ஷி என்று பெயர், எல்லோரையும் இருத்திவைத்து விளக்கம் சொன்னாள். எலும்பு கல்லு மாதிரிச் சும்மா கிடக்கிற சாமான் இல்லையாம், பழசைக் கரைத்துக் கரைத்துப் புதுசு போட்டபடியே இருக்குமாம், ஒரு பத்து வருசத்தில் முழுக்கப் புதிதாகிவிடுமாம்... ஆள் உயிரோடு இருக்கும் வரைக்கும். அந்தக் கடைசிச் சொல்லை மெதுவாகத்தான் சொன்னாள். என் மகன் கஜானனை ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போய் இருபத்தொன்பது வருசம், எங்கேயாவது இருந்தால் அவனுடைய எலும்பு மூன்றாம் தரமும் புதிதாகிக்கொண்டிருக்கும், இல்லையென்றால்... வேண்டாம், அதை நினைக்காதே.

பதின்மூன்று வயதில் மாமரத்தால் விழுந்து இடக்கையை முறித்துக்கொண்டான். தில்லைநாதன் பரியாரியார் இழுத்துப் பொருத்தி, எண்ணெய்ச் சீலை சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். "உள்ளுக்குள்ளை இப்பதான் பிஞ்சு எலும்பு வளருது பிள்ளை, நாற்பது நாள் கட்டைத் தொட்டிடாதை." தொட்டேனே! நல்லூரானுக்குக் காவடி நேர்ந்து வைத்திருந்தேன், தேருக்கு இன்னும் இரண்டு நாள், கட்டோடு எப்படித் தூக்குவான்? இருபத்து மூன்றாம் நாள் நானே கத்தரிக்கோலால் வெட்டினேன். நோகுதம்மா என்றான், முருகன் பார்ப்பான் என்றேன். எதைப் பார்த்தான்? எலும்பு ஒட்டத்தான் ஒட்டியது, ஆனால் கோணலாக, மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல் தள்ளி ஒரு வளைவு, கரும்புக் கணு போலத் தடிப்பு. இருபது வயதிலும் சேட்டுக் கை மடித்தால் தெரியும். உது அம்மா குத்தின முத்திரை என்று பகிடி விடுவான், நானும் சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்படியில் அழுவேன். அதை நிமிர்த்தித் தா என்று எத்தனை வெள்ளி விரதம் பிடித்தேன்! இப்போது அவனை எடுத்துத் தரக்கூடியது அந்தக் கோணல் ஒன்றுதான். சொன்னால் பெட்டி பெட்டியாகத் தேடுவார்கள். தேடி எடுத்துவிட்டால்? இன்றைக்கும் அவனுக்கும் சேர்த்துத்தானே அரிசி போட்டேன், நாளைக்கு எவ்வளவு போடுவேன்? பயமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் அதைவிடப் பயமாக இருக்கிறது, இலக்கம் ஒட்டின ஏதோ ஒரு பெட்டிக்குள் கிடந்துகொண்டு, அம்மா வாசல் வரைக்கும் வந்தும் கேட்காமல் போனாளே என்று...

"உதயகலா அம்மா, வாங்கோ, இருங்கோ."

பெயர், வயது, உயரம், பல்லு, எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன், குரல்கூட நடுங்கவில்லை. டிலக்ஷி அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். "சின்னனிலை எண்டாலும் மகன்ரை கை, கால் ஏதும் முறிஞ்சதோ அம்மா?" "இல்லைப் பிள்ளை" என்றேன், எவ்வளவு கெதியாக வந்தது அந்தப் பொய், எழுதட்டும், எழுதினால் முடிந்தது, எழும்பிப் போய் பஸ் பிடிக்கலாம்... ஏன் இன்னும் எழுதாமல் இருக்கிறாள்? பேனையை வைத்துவிட்டு எதைப் பார்க்கிறாள்? நானும் குனிந்து பார்த்தேன். என் வலக்கை இடக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது, மணிக்கட்டுக்கு மேலே, நாலு விரல் தள்ளி, கட்டு அவிழ்ந்துவிடாமல் பிடிப்பது போல.