இறைச்சி, உப்பு, மிளகு, மற்றவை

இறைச்சி வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் தான் பேச எழுந்தால் மின்விசிறிகூடச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பது பெரியவரின் எண்ணம். அன்றைக்கு விசிறி குறைத்துக்கொள்ளவில்லை. அதனால் அவர் குரலை உயர்த்தினார்.

“சாசேஜ் செஞ்சு விக்கிற நாம, உள்ள என்ன போடுறோம்னு பொட்டலத்து மேல எழுதணும். ஒண்ணு விடாம எழுதணும். ‘அனுமதிக்கப்பட்ட சேர்மானங்கள்’னு ஒரே வரியில மூடி மறைக்கிற வேலை வேண்டாம். சட்டம் கேக்கலைங்கிறதுக்காக நாம சும்மா இருக்கலாமா? மானமுள்ளவன் மறைக்க மாட்டான்.”

பேசும்போது அவர் பார்வை முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மச்சானை விட்டு நகரவில்லை. மனைவியின் அண்ணனான அந்த மச்சானும் ஊரின் மறுகோடியில் சாசேஜ்தான் செய்துகொண்டிருந்தார். போன மாதம் உறவுக்காரர் வீட்டு விருந்தில் மச்சானின் சரக்கை எல்லாரும் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பெரியவர் ஒரு துண்டை முள்கரண்டியில் குத்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். செத்துப்போன மிருகத்துக்கு இத்தனை சிவப்பு எங்கிருந்து வரும்? தீர்மானம் பிறந்தது அந்த முள்கரண்டி நுனியில்தான். பொதுநலம் என்பது, பேச்சுக்குக் குறிப்பு எடுத்தபோது பின்னால் வந்து சேர்ந்தது.

“அப்ப உங்க சரக்குல என்ன இருக்கு மாப்ளே? முதல்ல அதைச் சொல்லுங்களேன்,” என்றார் மச்சான், காலை ஆட்டிக்கொண்டே.

“இறைச்சி. உப்பு. மிளகு. எங்க அப்பா காலத்துல இருந்து அதே மூணுதான். நாலாவதா ஒண்ணு சேர்த்தோம்னா, அது எங்க வீட்டுப் பேரு.”

கைதட்டல் எழுந்தது. அடுத்த கூட்டத்தில் ஓட்டுக்கு விடலாம் என்றும், மாதிரி லேபிள் பெரியவர் வீட்டிலிருந்தே வரட்டும் என்றும் தலைவர் முடித்துவைத்தார். பெரியவர் வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தார்.

முன்பக்கம் கடை, பின்பக்கம் தொழிற்கூடம். மகன் சரக்கு வண்டியோடு ஊர் சுற்றுகிறவன். தயாரிப்பு முழுவதும் உணவு வேதியியல் படித்த மருமகளின் பொறுப்பு. அவளைக் கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னார்.

“மூணே பொருள்மா. எழுத்து நல்லா கொட்டை எழுத்தா இருக்கட்டும். மிச்ச இடத்துல அப்பா படத்தை இன்னும் கொஞ்சம் பெருசாப் போட்டுடு.”

மருமகள் கையுறையை மெதுவாகக் கழற்றினாள். “மாமா, நீங்க கலவை அறைக்குள்ள வந்து எவ்வளவு நாளாச்சு?”

“அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

என்ன சம்பந்தம் என்பது அவருக்கும் தெரியும். அவள் பொறுப்பேற்றதும், உள்ளே வருகிறவர்கள் தலைக்கு மட்டுமல்ல, தாடி மீசைக்கும் வலை போட வேண்டும் என்று விதி வைத்தாள். பெரியவருக்கு அப்பாவிடமிருந்து வந்த சொத்து இரண்டுதான்: ஒன்று கடை, இன்னொன்று மீசை. “வலை போட்டுப் பிடிக்க இது என்ன மீனா?” என்று வாசலிலேயே கேட்டுவிட்டுத் திரும்பினவர், அதன்பின் உள்ளே போகவே இல்லை. அன்று முதல் கடை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து குடும்ப மானத்தைக் காவல் காத்துவருகிறார். அந்தக் கட்டடத்தில் சாசேஜ் செய்யாத ஒரே இடம் அது.

“நான் சொன்னா உங்களுக்கு நம்பிக்கை வராது. நீங்களே வந்து பார்த்துடுங்க மாமா.”

வலையை மாட்டிக்கொண்டார். துடைத்து வைத்திருந்த எஃகுக் கதவில் அவர் உருவம் தெரிந்தது; பல் பிடுங்கிக் கட்டுப் போட்டவர் மாதிரி இருந்தார். அரைக்கும் இயந்திரத்தின் அருகில் நின்ற பெண் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

மூலையில் வெள்ளித்தாள் மூட்டைகள் அடுக்கியிருந்தன. மேல் மூட்டையில் அச்சடித்திருந்ததை மருமகள் விரல் வைத்துப் படித்தாள். உப்பு, நைட்ரைட், பாஸ்பேட், மாவுச்சத்து, புகைமணம் என்று அது போய்க்கொண்டே இருந்தது. மிளகு எங்கோ கடைசியில் ஒண்டிக்கொண்டிருந்தது.

“இந்தக் குப்பையை எவன் உள்ள விட்டது?”

“நான் கல்யாணமாகி வர்றதுக்கு முன்னாடியே இது வருது மாமா. மிளகு மூட்டைன்னு நினைச்சு நீங்களே கையெழுத்துப் போட்டு இறக்கியிருக்கீங்க. குப்பையும் இல்ல. நைட்ரைட் போடலைன்னா கிருமி வளர்ந்து விஷமாயிடலாம். அந்தச் சிவப்பும் அதனாலதான் வருது. அளவு தாண்டாமத்தான் போடுறோம். போடுறதுல தப்பில்ல, போடலைன்னு சொல்றதுதான்...” மாமனார் ஆயிற்றே என்று அவள் பாதியில் நிறுத்தினாள்.

“எங்க அப்பா இதெல்லாம் கையால தொட்டதில்ல.”

“தாத்தா வெடியுப்பு போட்டாங்களாம். அத்தை சொன்னாங்க. அதுவும் இதே வேலையைத்தான் செய்யும்.”

வெடியுப்பும் உப்புதான். அப்பா உப்பு என்று சொன்னபோது எந்த உப்பு என்று கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அப்பாவைக் கேள்வி கேட்காமல் இருந்ததைத்தான் பெரியவர் இத்தனை காலமும் பாரம்பரியம் என்று சொல்லிவந்தார்.

“சரி, இந்தப் பாஸ்பேட்டு எதுக்கு?”

“தண்ணி வத்தாம பிடிச்சு வைக்க. மத்தவங்களுக்குப் பெருசா ஒண்ணும் பண்ணாது. கிட்னி சரியில்லாதவங்களுக்குத்தான் ஆகாது.”

பெரியவருக்கு வலைக்குள் வேர்த்தது. வாராவாரம் கடைக்கு வரும் டீச்சரம்மா இதே வார்த்தையைச் சொல்லித்தான் ஒருநாள் கேட்டார். வீட்டுக்காரருக்குக் கிட்னிக் கோளாறு, பாஸ்பேட் சேர்த்தது கூடாது என்று டாக்டர் சொல்கிறார், உங்கள் சரக்கில் இருக்கிறதா? பெரியவர் நாற்காலியில் சாய்ந்து, “என் கடையில நின்னுக்கிட்டு இந்தக் கேள்வியா? தைரியமா வாங்கிட்டுப் போங்கம்மா, இது என் வாக்கு,” என்றார். பாஸ்பேட் என்பது வயலுக்குப் போடும் உரம் என்ற அளவில்தான் அன்றைக்கு அவருடைய ஞானம் இருந்தது. சாசேஜில் யாராவது உரம் போடுவார்களா?

உண்மையை ஒப்புக்கொள்வதற்கு முன் குறுக்குவழி இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர்கள் குடும்ப வழக்கம்தான். “மூட்டையைத் தொடாம, நான் சொன்ன மூணை மட்டும் வெச்சுக் கொஞ்சம் செஞ்சு காட்டு,” என்றார்.

இரண்டு நாள் கழித்து மதியச் சாப்பாட்டில் மனைவி ஒரு சாசேஜை வறுத்துத் தட்டில் வைத்தாள். ஈரச் சிமெண்டு நிறத்தில் இருந்தது. பெரியவர் ஒரு வாய் மென்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

“உங்க அண்ணன் வீட்டுச் சரக்கா? அதானே பார்த்தேன். இதையெல்லாம் மனுஷன் தின்பானா?”

“நீங்க கேட்ட இறைச்சி, உப்பு, மிளகுதாங்க இது. மருமக காலையில செஞ்சா. மிச்சத்தையும் சாப்பிடுங்க, வீட்டு மானம், வீணாக்கக் கூடாது.”

அவர் மிச்சத்தையும் சாப்பிட்டார்.

கூட்டத்துக்கு முதல் நாள் மாலை மச்சானே வீடு தேடி வந்துவிட்டார். தங்கை கொடுத்த தேநீரை ஊதிக் குடித்துவிட்டு நிதானமாக ஆரம்பித்தார்.

“மாப்ளே, என் வாசல்ல கலவை மூட்டை இறக்குற வண்டிதான் உங்க வாசலுக்கும் வருது.”

“தெரிஞ்சுதான் அன்னைக்குக் காலை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்களா? எழுந்து சொல்லியிருக்கலாமே மச்சான்?”

“நீங்க அவ்வளவு அழகாப் பேசிட்டிருந்தீங்க. நடுவுல புகுந்து கெடுக்க மனசு வரலை. இப்ப ஒண்ணு சொல்றேன் கேளுங்க. நாளைக்கு உடம்பு சரியில்லைன்னு வீட்டுல இருந்துடுங்க. பெரியவர் இன்னும் யோசிக்கணும்ங்கிறார்னு நான் சொல்லிக்கிறேன். பேச்சு அப்படியே அமுங்கிடும். உங்க மானத்துக்கு நான் பொறுப்பு.”

“அண்ணன் நல்லதுக்குத்தானே சொல்றாரு,” என்றாள் மனைவி. “உடம்பு சரியில்லைன்னா எல்லாரும் நம்புவாங்க. மூஞ்சியைப் பாருங்க, அன்னைக்குச் சாப்பிட்ட சாசேஜ் மாதிரியே இருக்கு.”

மச்சான் போன பிறகு பெரியவர் தேநீர்க் கோப்பையை எடுத்து உள்ளே வைத்தார். இனி ஒவ்வொரு விசேஷத்திலும் இந்த மனிதர் எதிரே உட்கார்ந்து ஒரு சிரிப்புச் சிரிப்பாரே என்பதுதான் முதலில் தோன்றியது. டீச்சரம்மாவின் வீட்டுக்காரர் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தார். நியாயமாக வரிசை மாறி இருந்திருக்க வேண்டும். ஆனால் அப்படித்தான் வந்தது.

மறுநாள் கூட்டத்துக்குப் போனார். மாதிரி லேபிளைப் பிரித்து முதல் வரியிலிருந்து வாசித்தார். ‘சோடியம் எரித்தார்பேட்’ என்ற இடத்தில் நாக்கு புரண்டது. மருமகள் அசை பிரித்து எழுதிக் கொடுத்திருந்தும் இரண்டு முறை வழுக்கி, மூன்றாம் முறை ஒருவழியாகக் கரையேறினார். பின்வரிசையில் யாரோ சிரிக்க, சிரிப்பு தொற்றிக்கொண்டது.

“ஐயா, நாலாவதா உங்க வீட்டுப் பேரு இருந்துச்சே, அது எங்க?” என்று ஒருவர் கத்தினார்.

“அது பதினோராவது இடத்துக்குப் போயிடுச்சு தம்பி.” பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அன்னைக்கு நான் பேசினது எதுவும் தெரியாமப் பேசினது. என் சரக்குல என்ன இருக்குன்னு எனக்கே தெரியலை. தெரியாததுக்குக் காரணம் என் மீசை, அந்தக் கதையைக் கேக்காதீங்க. ஆனா ஒண்ணு. வாங்க வர்றவங்க என் மூஞ்சியைப் பார்த்துத்தான் நம்பினாங்க. இந்த மூஞ்சிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? எழுதியிருந்தா படிச்சிருப்பாங்க. அதனால தீர்மானம் அப்படியே நிக்குது.”

“இதைப் படிச்சா எவனும் வாங்க மாட்டான் ஐயா!”

“எனக்கும் அதே பயம்தான்,” என்றார் பெரியவர், கையைத் தூக்கியபடி.

புகையிட்ட கோழி விற்கும் அம்மாள் ஒருவரும் கை தூக்கினார். மச்சானின் கை பாதி வரை எழும்பி, காதைச் சொறிந்துவிட்டு இறங்கியது. மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தீர்மானம் தோற்றது.

வீட்டில் மருமகள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டாள். “அப்ப பழைய லேபிளையே ஒட்டிடலாமா மாமா?”

சட்டம் கேட்கவில்லை. இப்போது சங்கமும் கேட்கவில்லை. வரும் வழியெல்லாம் இதே யோசனை பெரியவருக்கும் ஓடத்தான் செய்தது. ஓடவில்லை என்று சொன்னால் அது இன்னொரு ‘மூணே பொருள்’ ஆகிவிடும்.

“புதுசை அச்சுக்கு அனுப்பும்மா.”

“தாத்தா படம் ரொம்பச் சின்னதாயிடும்.”

“ஆகட்டும். அவரும் வெடியுப்பு போட்டவர்தானே.”

புது லேபிள் வந்த வாரம் பொட்டலத்தை எடுத்துப் படித்தவர்களில் பாதிப் பேர் திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள். படித்து முடிக்க நேரமாவதால் கடை மட்டும் எப்போதும் கூட்டமாகத் தெரிந்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் டீச்சரம்மா வந்தார். வழக்கமான பொட்டலத்தை எடுத்தார். லேபிளைப் பார்க்கவில்லை. அவருக்கு எதற்கு லேபிள்? வாக்கு இருக்கிறதே.

“அம்மா, அதைக் கீழ வைங்க,” என்றார் பெரியவர். “அதுல பாஸ்பேட் இருக்கு. இதுவரைக்கும் வாங்கிட்டுப் போனதுலயும் இருந்துச்சு. இல்லைன்னு சொன்னவன் நான்.”

டீச்சரம்மா பொட்டலத்தைத் திருப்பிக் கடைசி வரி வரை படித்தார்.

“ரத்தத்துல பாஸ்பேட் அளவு ஏன் ஏறிட்டே போகுதுன்னு டாக்டர் கேட்டார். வெளியில என்ன சாப்பிடுறார்னு கேட்டார். ஒண்ணுமில்லை, ஒரே ஒரு கடைச் சரக்குதான், அவங்க வாக்குக் கொடுத்திருக்காங்கன்னு நான்தான் சொன்னேன்.” குரலை அவர் உயர்த்தவில்லை. “அவர் வாய்க்குப் பிடிச்சது இது ஒண்ணுதான். இனிமே அவருக்கு நான் என்ன கொடுக்கட்டும்? சொல்லுங்க.”

சொல்வதற்குப் பெரியவரிடம் எப்போதும் ஏதாவது இருக்கும். இப்போதும் இரண்டு மூன்று பதில்கள் நாக்கு நுனி வரை வந்து நின்றன. அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“எனக்குத் தெரியாதும்மா.”

பின்கதவைத் திறந்து மருமகளைக் கூப்பிட்டார். உள்ளே இயந்திரம் நின்றது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வரும்வரை டீச்சரம்மாவை நிற்கவைக்கக் கூடாது என்று தன் நாற்காலியை எடுத்துப் போட்டார். டீச்சரம்மா உட்காரவில்லை. பெரியவரும் உட்காரவில்லை. மருமகள் வந்து என்னென்ன கேட்கிறாள், என்ன சொல்கிறாள் என்று, சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.