சுக்ரி குடித்த காபி

குதைபா மூன்றாவது முறையாக சுக்ரியின் கழுத்தில் டை கட்டிக்கொண்டிருந்தான். முதல் முறை அது தொப்புளைத் தாண்டியது. இரண்டாம் முறை மார்போடு நின்றுவிட்டது. கோட்டு குதைபாவின் அண்ணனுடையது. அண்ணன் பளு தூக்குகிறவன். அந்தக் கோட்டுக்குள் சுக்ரி ஒரு மூலையில் வாடகைக்கு இருப்பவனைப் போலத் தெரிந்தான்.

"பேசாம சிரிச்சிட்டே உக்காரு. எதைக் குடுத்தாலும் வாங்கிக்கோ. வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதே. அன்னிக்கு எங்க அத்தை வீட்டுல சோறு வேண்டாம்னியே, இன்னும் அந்தத் தெருவுல உன்னைப் பத்திதான் பேச்சு."

"அன்று எனக்கு வயிற்றுப்போக்கு, நண்பா."

சுக்ரி இப்படித்தான் பேசுவான். மலேசியாவின் கிளந்தானிலிருந்து இர்பித் என்ற அரபு நகரத்துக்கு அரபி படிக்க வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வகுப்பில் அவனுக்கு ஒட்டகத்துக்கு நாற்பது பெயர்கள் கற்றுக்கொடுத்தார்கள். தக்காளி வாங்கக் கற்றுக்கொடுக்கவில்லை. கடைத்தெருவில் அவன், "ஐயா, இக்கனிகளில் ஒரு கிலோ தருவீராக" என்றால், காய்கறிக்காரர் பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு இன்னொரு முறை சொல்லச் சொல்வார்.

பெண் கேட்கப் போகிற ஆண்கள் கூட்டத்துக்கு ஜாஹா என்று பெயர். ஆள் கூடினால் கௌரவமும் கூடும். குதைபாவின் வீட்டில் உறவைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தும் பத்தொன்பதுக்கு மேல் தேறவில்லை. இருபதாவது ஆள்தான் சுக்ரி.

குதைபாவுக்கும் அவன் கட்டிக்கொள்ள விரும்பிய ரனீமுக்கும் ஜெர்மனியின் டிரெஸ்டனில் முதுகலைக்கு இடம் கிடைத்திருந்தது. செப்டம்பரில் புறப்பட வேண்டும், அதற்குள் நிக்காஹ் முடிய வேண்டும். ரனீமின் அப்பா அபூ ஸுஹைப் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மாப்பிள்ளை மேல் அவருக்கு ஒரு புகாரும் இல்லை. ஜெர்மனி மேல்தான். "அவன் போய்ப் படிச்சிட்டு வரட்டும். ரெண்டு வருஷம் கழிச்சுப் பாப்போம்" என்றுவிட்டார். ரனீம் பதினாறு நாள் அவரோடு பேசவில்லை. பதினேழாம் நாள், ஜாஹா வரட்டும் என்றார். வந்தால் ஒப்புக்கொள்வேன் என்று சொல்லவில்லை. மூத்த மகளுக்கு வந்த முதல் ஜாஹாவை அப்படியே திருப்பி அனுப்பியவர் அவர். குதைபா மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. அவன் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டதில் சுக்ரிக்குக் குற்ற உணர்ச்சி.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் ஆறு கார்களில் ரனீமின் வீட்டில் போய் இறங்கினார்கள். கூட்டத்துக்குத் தலைவர் ஹாஜி நயிஃப். ஊரில் எந்தக் கல்யாணமானாலும் வாயைத் திறப்பவர் அவர்தான். காரில் வரும்போதே தன் உரையை இரண்டு முறை கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். எதிர்வரிசையில் அபூ ஸுஹைப் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் சட்டைப்பையில் நான்காக மடித்த தாள் ஒன்று எட்டிப் பார்த்தது. நிபந்தனைகள். வரிசை எண் போட்டிருப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

"இது யாரு?" என்றார் அவர், சுக்ரியைக் காட்டி.

"ஜப்பான்லேர்ந்து வந்திருக்கிற நம்ம பிள்ளை," என்றார் ஹாஜி, கொஞ்சமும் தயங்காமல்.

"மலேசியா, மாமா," என்றான் குதைபா. அவன் குரல் அவனுக்கே கேட்டிருக்காது.

அபூ ஸுஹைப் சுக்ரியை ஒரு கணக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு காபிக் கூஜாவோடு நின்ற தன் மகன் ஸுஹைபிடம், "தூரத்திலேர்ந்து வந்தவர்கிட்டேர்ந்து ஆரம்பி" என்றார்.

ஏலக்காய் மணக்கும் கசப்புக் காபி, கைப்பிடியில்லாத சின்னக் கோப்பையில், அடியில் கொஞ்சமாக. சுக்ரி சிரித்தான், வாங்கினான், ஒரே மடக்காகக் குடித்தான். எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் அல்லவா?

இரண்டு வரிசைகளும் அவன் கையிலிருந்த காலிக் கோப்பையைப் பார்த்தன.

பெண் கேட்க வந்தவர்கள் காபியை வாங்கிக் கீழே வைத்துவிடுவார்கள். தலைவர் எழுந்து, கேட்க வந்ததைக் கொடுத்தால்தான் குடிப்போம் என்பார். பெண்ணின் அப்பா கொடுத்தேன் என்றதும்தான் கோப்பை உதட்டுக்குப் போகும். கொடுக்காவிட்டால் காபி ஆறிப்போகும், வந்தவர்கள் எழுந்து போவார்கள். இது இர்பிதின் புறாக்களுக்குக்கூடத் தெரியும். அதனால்தான் யாரும் சுக்ரிக்குச் சொல்லவில்லை. மூச்சு விடு என்று யாராவது யாருக்காவது சொல்லி அனுப்புவார்களா?

இதோடு நின்றிருந்தால் சமாளித்திருக்கலாம். ஆனால் உள்ளறைக் கதவு விரல் அளவு திறந்திருந்தது. அதன் பின்னால் பதினான்கு பெண்கள். கதவுக்கு மிக அருகில் இருந்த சித்திக்கு அந்த இடுக்கில் தெரிந்ததெல்லாம் ஒரு கோட்டுக் கையும் கவிழ்கிற கோப்பையும்தான். அவள் குலவையிட்டாள். சாதாரணக் குலவை இல்லை, மூன்று மாடி ஏறி இறங்கும் குலவை. மற்ற பதின்மூன்று பேரில் ஒருத்தி தவிர எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். எதிர்வீட்டு மாடியிலிருந்து பதில் குலவை வந்தது. கீழே நின்ற ஓட்டுநர்கள் ஆறு பேரும் ஹாரனை அழுத்திப் பிடித்தார்கள். தெருக்கோடியில் யாரோ பட்டாசு கொளுத்தினார்கள்.

ஹாஜி நயிஃப் வாயைத் திறந்தபடியே இருந்தார். உரை உள்ளே சிக்கிக்கொண்டது. அபூ ஸுஹைபின் கை சட்டைப்பைத் தாளின் மேல் அப்படியே நின்றுவிட்டது. பேசும் வாய்ப்பு பறிக்கப்பட்ட இரண்டு பெரியவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குதைபா தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் புகுந்து ஒளிந்துகொள்ள வழியிருந்தால் புகுந்திருப்பான்.

ஏதோ தப்பாகிவிட்டது என்று சுக்ரிக்குப் புரிந்தது. என்ன தப்பு என்று புரியவில்லை. மரியாதைக் குறைவாகக் குடித்துவிட்டோமோ? சரிசெய்யும் நோக்கத்தோடு கோப்பையை நீட்டினான்.

"மிகச் சிறந்த பானம், ஐயா. இன்னும் சிறிது கிடைக்குமா?"

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அது சிரிப்பு.

அபூ ஸுஹைப் கையை உயர்த்தினார். அறை அடங்கியது. தெரு அடங்கவில்லை. நாற்காலியை இழுத்து சுக்ரிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, உன்னை இவ்வளவு தூரம் அனுப்பிட்டு உங்கம்மா எப்படித் தூங்குறாங்க?"

"முதல் மாதம் தூங்கவில்லை, ஐயா. பிறகு குதைபாவின் எண்ணை வாங்கிக்கொண்டார்கள். இப்போது நான்தான் தூங்குவதில்லை. வாரம் இரண்டு முறை என்னைப் பற்றி இருவரும் பேசுகிறார்கள்."

"எந்த மொழியில?"

"அதுதான் எனக்கும் விளங்கவில்லை. அம்மாவுக்கு அரபி தெரியாது, இவனுக்கு மலாய் தெரியாது. ஆனால் நான் இலக்கணத் தேர்வில் தவறியது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது."

இப்போது இருமல் இரண்டு வரிசைகளுக்குப் பரவியது. அபூ ஸுஹைப் மட்டும் சிரிக்கவில்லை.

"உடம்பு முடியாமப் போனா?"

"போன ஜனவரியில் கடும் காய்ச்சல். இவன் ஒன்பது நாள் தேர்வுக்கும் போகாமல் பருப்பு சூப் வைத்துக் கொடுத்தான்." சுக்ரி கொஞ்சம் யோசித்தான். உண்மையை முழுதாகச் சொல்லிவிடுவதே நல்லது என்று பட்டது. "ஒன்பது நாளும் அதில் உப்பு இல்லை. ஆயினும் குடித்தேன். குடிக்கும்வரை இவன் எழுந்து போகமாட்டான்."

"ஒன்பது நாளுமா?" அபூ ஸுஹைப் குதைபாவின் பக்கம் திரும்பினார். கணக்கைத் தப்பாகப் போட்ட பையனிடம் கேட்கும் அதே குரல். "ஒருநாள்கூட நீ ருசி பாக்கலையா?"

குதைபாவின் காது சிவந்தது. "பாத்தேன், மாமா. எனக்கு நல்லாதான் இருந்துச்சு."

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அந்த வீட்டில் ஜாஹா உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பெண்ணும் பேசியதில்லை. அப்பாவிடம் பதினாறு நாள் பேசாத குரல் அது.

"உப்பு நான் பாத்துக்கறேன், பாபா!"

சித்தி அவளை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. கதவு விரல் அளவிலிருந்து கையளவுக்குத் திறந்துகொண்டது. யாரும் மூடவில்லை.

அபூ ஸுஹைப் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்தார் என்று சத்தியம் செய்ய யாரும் தயாரில்லை. எழுந்து மகனின் கையிலிருந்து கூஜாவை வாங்கினார். சுக்ரியின் கோப்பையில் ஊற்றினார். பிறகு ஹாஜி நயிஃபிடம் போய் அவருக்கும் ஊற்றினார். ஹாஜி குடிக்கட்டும் என்பதுபோல, கூஜாவோடு அங்கேயே நின்றார்.

ஹாஜி பழக்கத்தில் கோப்பையைக் கீழே வைக்கக் குனிந்தார். பாதியில் நிறுத்தினார். நிமிர்ந்து அபூ ஸுஹைபின் முகத்தைப் பார்த்தார். பத்தொன்பது பேரும் கழுத்தை நீட்டினார்கள். சட்டைப்பைத் தாள் இன்னும் அங்கேயேதான் இருந்தது. வெளியே, நிறுத்தச் சொல்லி யாரும் வராததால், எதிர்வீட்டுக்காரர்கள் அடுத்த குலவையைத் தொடங்கினார்கள். தரைக்கும் தாடிக்கும் நடுவில் நின்ற அந்தச் சின்னக் கோப்பை மேலே போகத் தொடங்கியது.