ஒல்லிகளுக்கு மட்டும் ஒரு நாள்

நவம்பர் பதினான்காம் தேதி காலை, ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடியிலுள்ள எலி அறையில், ஒரு பெண் சுண்டெலி எழுந்திருக்க முடியாமல் ஒருக்களித்துக் கிடந்தது.

மூன்று வயதை நெருங்கிய எலி. முதுமை வந்த பிறகு சாப்பாட்டைக் குறைத்தாலும் ஆயுள் கூடுமா என்பதுதான் ஆராய்ச்சி. பாதி எலிகளுக்கு வயிறாரத் தீனி, மீதிப் பாதிக்கு அரைவயிறு. இதை நடத்திய விஞ்ஞானிக்குக் கூடத்தில் 'பட்டினிக்காரர்' என்று பெயர். அவருடைய தொப்பை மட்டும் வருஷாவருஷம் முன்னேறிக்கொண்டிருந்தது.

வயிறாரத் தின்றவை எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. ஒல்லிகளில் ஆறு பாக்கி. சராசரியில் ஒல்லிகள் இரண்டு வாரம்போலக் கூடுதலாக வாழ்ந்திருந்தன. வியாழக்கிழமை வரப்போகும் நிதிக்குழுவிடம் காட்ட அந்த இரண்டு வாரம்தான் இருந்தது. குழு ஒப்புக்கொள்ளாவிட்டால் அறைக்குப் பூட்டு.

கால்நடை மருத்துவர் கையுறையை மாட்டிக்கொண்டே உள்ளே வந்தார். விஞ்ஞானியின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. வெளியூரில் ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டு அந்த வாரம்தான் திரும்பியிருந்தார். அதுவரை அவருடைய வேலையையும் விஞ்ஞானியே பார்த்துக்கொண்டார்.

கூடத்தின் விதி எளியது. விழுந்த எலியை மல்லாக்கப் போட வேண்டும். தானாகப் புரளாவிட்டால், வலியில் விட்டுவைக்காமல் அன்றே ஊசி. கணக்கில் அதுவே அதன் இறந்த நாள்.

மருத்துவர் எலியை மெல்ல மல்லாத்தினார். கால்கள் காற்றைத் துழாவின. உடம்பு அசையவில்லை.

"முடிஞ்சுது மாமா."

"இரு மாப்ளே. குளிர்ல விறைச்சிருக்கும். நாளைக்குப் பாக்கலாம்."

"இந்த ரூம்ல என்ன குளிரு? எனக்கே வேர்க்குது."

"கண்ணப் பாரு, எவ்வளவு தெளிவா இருக்கு. இது தேறிடும்."

"நீங்க டாக்டரா, நான் டாக்டரா?"

"எனக்கும் டாக்டர் பட்டம் இருக்கு."

"அது ஊசி போடற டாக்டர் இல்ல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மருத்துவர் முதலில் நிறுத்திக்கொண்டார்.

"போன வருஷம் பூரா நீங்கதானே பாத்தீங்க. ஒரு குண்டு எலி விழுந்தா எத்தனை நாள் விட்டீங்க?"

"அதெல்லாம் பாத்தாலே தெரியும், பொழைக்காதுன்னு."

"ஒல்லி விழுந்தா?"

விஞ்ஞானி கூண்டைக் காட்டினார். "விழுந்தப்போ எது எந்தத் தீனின்னு எனக்கே தெரியாது. கூண்டு அட்டையில தீனி விவரத்து மேல கறுப்பு டேப் ஒட்டி மறைச்சிருக்கு. அந்த ஏற்பாடே என்னோடதுதான்."

"எலி மேல டேப் ஒட்டலையே மாமா. ஒல்லி எது, குண்டு எதுன்னு சின்னப் புள்ளையே சொல்லிடும்."

விஞ்ஞானி கூண்டின் மூடிமேல் கையை வைத்தார். குண்டு எலிகளின் கதையைக் கையிலிருந்த டீ ஆறுவதற்குள் அவர் முடித்திருந்தார். ஒல்லிகளுக்கு மட்டும் நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டிருந்தார். ஒன்றுக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு வாரக்கணக்கில் இழுத்துப் பிடித்ததும் நினைவுக்கு வந்தது. ஏமாற்ற வேண்டுமென்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. ஒவ்வொரு தடவையும் அது தேறிவிடும் என்றே நம்பினார்.

"அந்த ரெண்டு வாரம் தீனியைக் குறைச்சதால வந்துதா, நீங்க விட்டுவெச்சதால வந்துதா?" மருத்துவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வியாழக்கிழமை தாண்டட்டும் மாப்ளே. அப்புறம் பேசலாம்."

"குழுகிட்ட என்ன சொல்றீங்கங்கிறது உங்க பாடு. அக்கா மூஞ்சிக்காக நான் வாயத் திறக்க மாட்டேன். ஆனா இத நாளைக்கு விடமாட்டேன்."

எலியின் விலா விட்டுவிட்டு ஏறி இறங்கிற்று. மருத்துவர் மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டுக் காத்திருந்தார். விஞ்ஞானியின் கை கூண்டின் மூடியிலேயே கிடந்தது. அதை எடுக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

"போடு," என்றார்.

வியாழக்கிழமை குழுவிடம் அவர் எல்லாவற்றையும் சொன்னார். எந்த எலியை எப்போது முடிப்பது என்று தீர்மானித்தது தாமே என்றார். ஒல்லிகளைக் கூடுதலாக விட்டுவைத்ததையும், அந்த இரண்டு வாரத்தை நம்ப முடியாது என்பதையும் மறைக்கவில்லை. குழு நிதியை நிறுத்தியது. மிச்சமிருந்த ஐந்து எலிகளும் கீழ்மாடி ஆய்வகத்துக்குக் கொடுக்கப்பட்டன.