செவலையின் சீம்பால்

“கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் ஓட்டிப் பாத்துட்டுத்தான்க்கா…”

“கம்ப்யூட்டர் பாலா குடிக்கப்போகுது? நீ ஊசி போட்டது…”

“அதுல கிருமியே இல்ல, வெறும் புரதத் துண்டு. மொதல்ல என் தொடையில போட்டுக்கிட்டேன். நல்லாத்தான இருக்கேன்?”

“உன் தொடை, நீ போட்டுக்கிட்ட. செவலை வாயத் தொறந்து சரின்னுச்சா?”

மேகலா குரலை உயர்த்தவில்லை. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் தடுப்பூசிக் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலை அவளுக்கு. ஒரு மருந்து வெளியே போக எத்தனை பேர் தலையாட்ட வேண்டும் என்று தினமும் பார்க்கிறவள். தம்பி சுரேந்தர் பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் எழுதுகிறான். போன வருஷம் தோல் கழலை நோயில் மாடுகள் செத்தபோது அம்மா சரோஜம்மாள் சோறு இறங்காமல் கிடந்ததைப் பார்த்தவன், பாகலூர் வீட்டுப் பின்னறையில் தானே ஒரு தடுப்பூசியை வடிவமைத்தான். புரதத்தைக் கூரியரில் வரவழைத்துக் கலந்து, சினையாயிருந்த பசு செவலைக்குப் போட்டான். யாரிடமும் மூச்சுவிடவில்லை. இன்று காலை ஃபிரிட்ஜில் தயிருக்குப் பின்னால் குப்பிகளைப் பார்த்துத்தான் மேகலாவுக்கே தெரிந்தது.

“சொசைட்டிக்கு இன்னும் பால் ஊத்தலையேக்கா. சோதிச்சுட்டு ஊத்தலாம்.”

“நேத்து கன்னு போட்டுச்சே, சீம்பால் எங்கடா?”

கன்று பிறந்தால் சீம்பாலைக் காய்ச்சி வெல்லம் போட்டுத் தெருவுக்கே கொடுப்பாள் அம்மா. எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்த சுரேந்தர் அதை மறந்துவிட்டான்.

“காய்ச்சினதுல எல்லாம் சிதைஞ்சிருக்கும்க்கா.”

“தெரியுமா, நெனைக்கிறியா?”

“நெனைக்கிறேன்.”

“அப்ப கெளம்பு. வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வருவோம்.”

“போலீஸு கேஸுன்னு ஆயிடும். உன் வேலையும் போகும்.”

அது அவளுக்கும் தெரியும். செருப்பை மாட்டும்போதே அடுத்த வீட்டுப் பவளம் வந்துவிட்டாள். நேற்று சீம்பால் வாங்கிப்போன தூக்குவாளியைக் கழுவி, வெறுமையாகத் தராமல் கொஞ்சம் சர்க்கரை போட்டிருந்தாள்.

“பவளக்கா, செவலைக்கு இவன் தானே செஞ்ச மருந்த ஊசி போட்டிருக்கான். அதுக்கப்புறம் வந்த சீம்பால்தான் நேத்து குடுத்தது. எனக்கும் இப்பத்தான் தெரியும்.”

பவளம் தூக்குவாளியை நீட்டவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. சுரேந்தரையே பார்த்தாள்.

“எங்க பாப்பா ஆசையா ரெண்டு கிண்ணம் தின்னா. அவளுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லு தம்பி.”