கப்பல் சொன்ன வசனம்

பேய்ப் படம் பார்ப்பவர்களில் இரண்டு வகை உண்டு. பயப்படுவதற்காகப் பார்ப்பவர்கள் ஒரு வகை. கல்யாணம் ஆனதும் விட்டுவிடுவார்கள், நிஜப் பயம் வீட்டிலேயே கிடைத்துவிடும். பேயின் மேல் உள்ள பிரியத்தில் பார்ப்பவர்கள் இன்னொரு வகை. அவர்களுக்கு விமோசனமே கிடையாது. லிஃப்ட் மெக்கானிக் இரண்டாவது வகை. வயது ஐம்பத்து மூன்று. பகலெல்லாம் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி நிற்பார். வீட்டுக்கு வந்ததும் முழங்கை வரை இருக்கும் கிரீஸைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, கறுப்பு வெள்ளைப் பேய்களோடு உட்கார்ந்துவிடுவார். அலமாரியில் கேசட் மட்டும் அறுநூறு. "எங்க வீட்ல ஆளுங்க நாலு பேரு, பேய் அறுநூறு, அதுங்களுக்குத்தான் முதல் மரியாதை" என்று மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் காட்டுவாள்.

அந்த அறுநூறில் ஒன்றுக்குத்தான் அவர் அடிமை. அதற்கு ஒரு வாயில் நுழையாத பெயர் இருந்தது. இவர்கள் வட்டத்தில் அதைக் கதவுப் படம் என்றுதான் சொல்வார்கள். எங்கோ ஒரு குளிர் தேசத்தில் எடுத்தது. தாயை அடக்கம் செய்துவிட்டு மகன் வீடு திரும்புகிறான். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். இரண்டு தடவை அவன் திறப்பதில்லை. மூன்றாவது தடவை திறக்கிறான். செத்துப்போன தாய் நிற்கிறாள். அவன் கன்னத்தைத் தொட்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறாள். படம் முடிந்துவிடுகிறது. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, ஆனால் பார்த்தவன் அன்றைக்கு முழுக்க வீட்டில் எந்தக் கதவையும் சாத்தமாட்டான்.

அந்த வாக்கியம் என்னவென்று சொன்னவன் கப்பல். வாலிபத்தில் இரண்டு வருஷம் சரக்குக் கப்பலில் உருளைக்கிழங்கு உரித்தவன் என்பதால் அந்தப் பெயர். இப்போது மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். மெக்கானிக்குக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதன். அந்தக் குளிர் தேசத்துத் துறைமுகத்தில் கப்பல் பழுதாகி நாலு மாதம் கிடந்தபோது கற்றுக்கொண்டதாகவும், அந்த மொழி தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்றும் சொல்வான். மறுத்துப் பேச ஆள் இல்லை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

மெக்கானிக் ஒரு சங்கம் நடத்தினார். மாதத்தில் ஒரு ஞாயிறு, மதியம் மூன்று மணிக்கு, பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு மேலே இருக்கும் ஹாலில் கூடுவார்கள். டாக்டரம்மாதான் செயலாளர், பல் பிடுங்குகிறவளுக்குப் பேய்ப் படம் பிடித்ததில் என்ன ஆச்சரியம். வருஷத்துக்கு ஒரு தடவை கதவுப் படம் போடுவார்கள். கேசட்டில் கீழே எழுத்து ஓடாது. அதனால் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, கையில் மைக்கோடு கப்பல் உட்காருவான். ஆண் குரல், பெண் குரல், கிழவன் குரல் எல்லாம் அவனே. உறுப்பினர்களுக்கு வருஷா வருஷம் கேட்டு வசனம் மனப்பாடம். தாடிக்காரர் ஒருவர் கையில் பையோடு வந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து வாய் திறந்தால் ஹாலே சேர்ந்து முழங்கும்: "மரணத்துக்கு நேரம் தெரியும்!" சங்கத்தின் பனியனில் அதைத்தான் அச்சடித்திருந்தார்கள்.

கடைசி வாக்கியத்துக்கு மட்டும் யாரும் கூடச் சேர்ந்து சொல்லக் கூடாது. அது மெக்கானிக் போட்ட சட்டம். ஏன் என்று கப்பலுக்குத் தெரியும்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், தியேட்டரில் தொடர்ந்து மூன்று பேய்ப் படம் போட்டார்கள். காலையிலிருந்தே அம்மா நெஞ்சு கரிக்கிறது, இன்றைக்குப் போகாதே என்றாள். பேய்ப் படம் என்றால் அவளுக்கு வேப்பங்காய். அவரைத் தடுக்க அதற்கு முன்னால் தலைவலி, கால்வலி எல்லாம் வந்திருக்கிறது. அவர் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினார். உள்ளே இருந்து அவர் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டாள். கேட்டது. பஸ் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது படம் முடிந்து வெளியே வந்தபோது வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் நின்றார். மெக்கானிக்கைப் படத்துக்குக் கூட்டிப் போகலாமென்று தாமதமாக வீட்டுக்கு வந்த கப்பல்தான் அம்மா தரையில் கிடந்ததைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தான். மகன் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடிவிட்டிருந்தார்கள்.

எட்டு மாதம் அவர் படமே பார்க்கவில்லை. சாப்பாடும் அரைகுறைதான். கூப்பிட்டது கேட்டது என்ற விஷயத்தைக் கப்பலிடம் மட்டும் சொல்லி அழுதார். அப்புறம் ஒரு நாள் கப்பல் எங்கிருந்தோ ஒரு கேசட்டைக் கொண்டு வந்தான். "ஒரே ஒரு படம்டா, எனக்காகப் பாரு" என்றான். பக்கத்தில் உட்கார்ந்து வசனம் வசனமாகச் சொல்லிக்கொண்டே வந்தான். கடைசியில் தாய் கன்னத்தைத் தொட்டதும் சொன்னான்: "நீ வந்திருந்தாலும் நான் போயிருப்பேன். உன் மேல எனக்குக் கோபம் இல்ல." மெக்கானிக் வாய்விட்டு அழுதார். மறுநாள் வேலைக்குப் போனார். அவரை மனிதனாக நடமாட வைத்தது அந்த வாக்கியம்தான்.

இந்த வருஷம் கதவுப் படத்துக்குப் புதுப் பிரதி வந்தது. யாரோ புண்ணியவான் வெளிநாட்டில் கீறல்களை எல்லாம் துடைத்து, பல மொழிகளில் கீழே எழுத்துப் போட்டு வெளியிட்டிருந்தான். அந்தப் பல மொழிகளில் தமிழும் இருந்தது. டாக்டரம்மா வரவழைத்தாள். மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை.

கப்பலுக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. "எழுத்தைப் படிச்சிட்டிருந்தா படத்தை யாருடா பாக்குறது? பழைய கேசட்டே போதும்" என்றான். அடுத்த வாரம், "தொண்டை சரியில்ல, இந்தத் தடவை வேற படம் போடலாமே" என்றான். "உன் தொண்டைக்கு இனிமே ஓய்வுடா, அதுக்குத்தானே எழுத்து" என்று மெக்கானிக் தோளில் தட்டினார். கப்பல் கடைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டான். பாவம், முக்காலி போகிறதே என்று வருத்தம் போல என்று இவர் நினைத்துக்கொண்டார்.

"ஒரு தடவை வீட்ல போட்டுப் பாத்துட்டு வாங்க, முன்னுரை பேச வசதியா இருக்கும்" என்று டாக்டரம்மா படம் இருந்த டிஸ்க்கை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. புதுப் பிரதியை யாரும் முன்கூட்டித் தனியாகப் பார்க்கக் கூடாது, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும், மீறுவது சங்கத்துக்குச் செய்யும் துரோகம். அந்தச் சட்டத்தையும் எழுதியவர் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்துவிட்டது. நாற்பது பேர் வருகிற இடத்தில் நூறு பேர். மெக்கானிக் இஸ்திரி போட்ட சட்டையில் முன்னால் வந்து நின்றார். படத்தைப் பற்றிப் பேசினார். பிறகு, இருபத்திரண்டு வருஷமாக வாய் திறக்காத விஷயத்தைப் பேசினார். அம்மாவைப் பற்றி, மூன்று படங்களைப் பற்றி. கூப்பிட்டது கேட்டதை மட்டும் சொல்லவில்லை. "கடைசியில அந்த அம்மா சொல்ற வார்த்தை இல்லன்னா இன்னைக்கு நான் உங்க முன்னாடி நிக்கமாட்டேன்" என்று அந்த வாக்கியத்தைச் சொன்னார். முன் வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் அம்மாவைப் பற்றி ஆரம்பித்தபோதே கப்பல் தாமதமாக வந்து, கடைசி வரிசையில் வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தான்.

படம் ஓட ஆரம்பித்தது. முதல் ஐந்து நிமிடம் அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. அவ்வளவு துல்லியம், சுவரில் இருந்த விரிசல்கூடத் தெரிந்தது. மகனின் அக்கா என்று கப்பல் சொல்லிவந்த பெண் வந்தாள். கீழே எழுத்து வந்தது. அவள் அக்கா இல்லை, பெண்டாட்டி. ஹாலில் லேசாகச் சிரிப்பு. எழுத்துப் போட்டவன் தப்பாகப் போட்டுவிட்டான் என்றுதான் மெக்கானிக் முதலில் நினைத்தார். அப்புறம் தாடிக்காரர் வந்து கடிகாரத்தைப் பார்த்தார். பழக்க தோஷத்தில் நாற்பது பேரும் முழங்கினார்கள்: "மரணத்துக்கு நேரம் தெரியும்!" கீழே எழுத்து வந்தது: "எண்ணெய் போட வேண்டும். தினமும் பத்து நிமிடம் பின்தங்குகிறது." அவர் கடிகாரம் ரிப்பேர் செய்ய வந்தவர். பையைத் திறந்து திருப்புளியை எடுத்தார். பழைய கேசட்டில் அந்த இடம் பனி மூடியது போல இருக்கும். அது சிலுவை என்று கப்பல் சொல்லியிருந்தான்.

ஹால் அதிர்ந்தது. பனியன் போட்டவர்கள் தங்கள் நெஞ்சைத் தாங்களே காட்டிச் சிரித்தார்கள். மெக்கானிக் நாற்காலி நுனிக்கு வந்தார். ஒரு வசனமாவது சரியாக இருக்காதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றுகூட இல்லை. அந்த மொழியில் 'வா', 'போ' கூடக் கப்பலுக்குத் தெரியாது. இத்தனை வருஷம் வாய்க்கு வந்ததை அளந்துவிட்டிருக்கிறான், இவர் அதை நோட்டுப் புத்தகத்தில் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். மற்றதெல்லாம் போகட்டும், கடைசி ஒன்று மட்டும் அவன் சொன்னபடி இருந்துவிடட்டும் என்று ஒரு சின்னப் பிள்ளையைப் போல வேண்டிக்கொண்டார்.

மூன்றாவது தடவை கதவு தட்டப்பட்டது. மகன் திறந்தான். தாய் அவன் கன்னத்தைத் தொட்டாள். "நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டது. கேட்டும் நீ வரவில்லை."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

விளக்குப் போடுவதற்கு முன்பே அவர் எழுந்து வெளியே போனார். மாடிப்படித் திருப்பத்தில், கிளினிக்கின் காலி அட்டைப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் கப்பல் நின்றுகொண்டிருந்தான். ஓடிப்போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

"ஊருக்கே காது குத்தின, சரி" என்றார் மெக்கானிக். "எனக்குமாடா?"

"உனக்காகத்தான்டா ஆரம்பிச்சேன். அன்னைக்கு நீ இருந்த நிலைமைக்கு ஏதாவது சொல்லணும்னு தோணுச்சு. அப்புறம் பத்து பேர் வந்து உக்காந்தாங்க. அப்புறம் நாப்பது. எங்க நிறுத்துறது?"

"போன வாரம் நிறுத்தியிருக்கலாமே. எங்கம்மாவைப் பத்தி நான் மைக்ல பேசுறப்போ பின்னாடி உக்காந்து கேட்டுட்டுதானே இருந்த?"

மெக்கானிக்குக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறார். அறுபடுகிறவனுக்கு அவமானம்தான் முதலில் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நூறு பேர் முன்னால் அம்மாவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்.

"கோபம் இல்லன்னு நீயே சொல்லியிருக்கலாமே. எதுக்கு அந்தப் பொம்பள வாயில போட்டுச் சொன்ன?"

"நான் சொன்னா நம்பியிருப்பியா?"

"உன்னைத்தானேடா நம்பினேன். அவ பேசினது எனக்கு என்னைக்குப் புரிஞ்சுது?"

கீழே கிளினிக்கில் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினார்கள். மெக்கானிக் ஒரு படி இறங்கி அவன் முகத்துக்கு நேராக நின்றார்.

"இப்பவாவது உண்மையைச் சொல்லு. நான் வந்திருந்தாலும் போயிருப்பாங்கதானே? அதையாவது நீ தெரிஞ்சுதானே சொன்ன?"

கப்பல் கண்ணாடியைக் கழற்றினான். துடைக்கவில்லை, சும்மா கையில் வைத்துக்கொண்டான்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரி டாக்டர் என்கிட்டதான் பேசினாரு" என்றான். "காலையிலயே கொண்டு வந்திருந்தா பொழைச்சிருப்பாங்கன்னு சொன்னாரு. பையன் வந்தா சொல்லிடுங்கன்னாரு. எனக்கு வாய் வரலடா."

மெக்கானிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பொய் சொன்னதற்காக இவனை வெறுப்பதா, இப்போது உண்மையைச் சொன்னதற்காக வெறுப்பதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்தே வெறுத்தார். கப்பல் அவர் தோளைத் தொடக் கையை நீட்டினான். அவர் தள்ளி நின்றார்.

"இனிமே வராத" என்றார்.

மேலே இருந்து டாக்டரம்மா எட்டிப் பார்த்தாள். "எல்லாரும் கேள்வி கேக்கணும்னு உக்காந்திருக்காங்க, வர்றீங்களா?" முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் ஏறிப் போனார். ஹாலில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அவரைக் கண்டதும் அடங்கினார்கள். பனியன் போட்ட ஒருவர் அதன்மேல் சட்டையை மாட்டிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

முன் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்தான் எழுந்தாள். அவரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தாளோ என்னவோ, மெதுவாகக் கேட்டாள். "சார், நீங்க முன்னாடி சொன்ன வசனம்தான் எனக்குப் பிடிச்சிருக்கு. எழுத்துப் போட்டவங்க தப்பாப் போட்டிருக்கலாம் இல்லையா? எது சார் சரி?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். நூறு பேரும் நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அவர் மைக்கை வாங்கினார்.

"படத்துல வந்ததுதான்மா சரி" என்றார். "கூப்பிட்டாங்க. எனக்குக் கேட்டுச்சு."