ஞானேந்திரன் கேட்ட மாற்று

மொன்றியல் துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள களஞ்சியமொன்றில் கணேசலிங்கம் மேற்பார்வையாளர். அங்கே வேலை செய்யும் பத்துப் பேர் சேர்ந்து பதினொரு வருடமாகக் கைபேசியில் ஒரு பேஸ்போல் போட்டி நடத்திவந்தார்கள். அமெரிக்க அணிகளின் ஆட்டக்காரரைத் தங்களுக்குள் பங்கிட்டு, ஆளுக்கொரு அணி. மைதானத்தில் அவர்கள் உண்மையாக எடுப்பதுதான் இவர்களுக்கும் புள்ளி. இன்னும் பெரிய அணிக்கு வராத இளம் பெடியன்களையும் எடுத்து வருடக்கணக்கில் வைத்திருக்கலாம். ஆட்களை மாற்றிக்கொள்வதென்றால், நியாயமா என்று பார்த்து அனுமதிப்பது கணேசலிங்கத்தின் பொறுப்பு.

மே மாதத்தில் மூன்று அணிகள் சேர்ந்து கேட்ட மாற்றொன்று வந்தது. அணிக்காரரில் ஒருவரான ஞானேந்திரன் தன்னிடமிருந்த நான்கு இளம் ஆட்டக்காரரையும் கொடுக்கிறார். இருவர் வசீகரனுக்கு, இருவர் லூக்குக்கு. அவர்களிடமிருந்து அவருக்கு வருவது முப்பத்தேழு வயதுத் துடுப்பாட்டக்காரன் ஒருவனும், தோளில் இரண்டு தரம் சத்திரசிகிச்சை செய்த பந்துவீச்சாளன் ஒருவனும்.

கணேசலிங்கத்துக்கு நம்ப முடியவில்லை. "பொறு மச்சான், நாலு வரியத்தில பார்" என்று சொல்லிச் சொல்லியே ஒவ்வொரு வருடமும் கடைசியில் நிற்கிற மனிதர் ஞானேந்திரன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், போட்டியில் இன்னொரு அணி வைத்திருந்த றஜிந்தன் கோபமாக வந்தான். "அண்ணை, இதுக்கு ஓம் எண்டு சொல்லாதேங்கோ. அந்த இடதுகைப் பெடியன் ஒருத்தனுக்கே ரெண்டு கிழவரும் காணாது. ஆரோ அவரைப் பேய்க்காட்டிப்போட்டினம்."

அவன் சொன்னதில் பிழையில்லை. எப்படிப் பார்த்தாலும் ஞானேந்திரனுக்கு நட்டம்தான். இந்த ஒரு வருடத்தை மட்டும் பார்த்தால்தான் லாபம். ஏன் இந்த ஒரு வருடம்? முதுகு நோவென்று அவர் இரண்டு கிழமையாக வேலைக்கு வராதது அப்போதுதான் கணேசலிங்கத்துக்கு உறைத்தது.

வேலை முடிந்ததும் லவாலில் உள்ள ஞானேந்திரன் வீட்டுக்குப் போனார். அவருடைய மனைவியான யோசெப்பின், கதவைத் திறந்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். ஞானேந்திரன் தலையணைகளுக்கு நடுவே ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைக் கழுத்து பெரிதாகிப்போயிருந்தது.

"மாற்றைப் பற்றிக் கேக்கத்தானே வந்தனி?"

"ஓம்."

"முதுகில்லை மச்சான். கணையம். ஈரலுக்கும் பரவீட்டுதாம்."

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"டிசம்பரில நத்தாருக்கு இருப்பனோ எண்டு கேட்டன். அவர் கோடையைப் பற்றிக் கதைச்சார்."

கணேசலிங்கம் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே இருந்தார். யார் விளையாடுகிறார்கள் என்று தெரியவில்லை.

"அந்தப் பெடியள் வர இன்னும் மூண்டு நாலு வரியம் போகும். பாக்க இருக்கிறவை அவங்களை வச்சிருக்கட்டும். எனக்கு இப்ப விளையாடுற ஆக்கள் வேணும்." கொஞ்சம் மூச்செடுத்துவிட்டு, "ஒருத்தருக்கும் சொல்லாதை. பேந்து எல்லாரும் என்னை வெல்ல விடுவாங்கள்" என்றார்.

அடுத்த நாள் காலை கணேசலிங்கம் மாற்றை அனுமதித்தார். காரணம் கேட்டவர்களிடம், "பார்த்தனான், சரியாத்தான் கிடக்கு" என்று மட்டும் சொன்னார். சிநேகிதன் கேட்டதற்காக வளைந்துகொடுத்தார் என்று பேச்சு எழுந்தது. றஜிந்தன் போட்டியை விட்டே விலகினான். சாப்பாட்டு மேசையில் அவர் பக்கத்துக் கதிரை பல நாள் வெறுமையாகக் கிடந்தது.

அந்தக் கோடையில் கிழவர் இருவரும் நன்றாக விளையாடினார்கள். ஞானேந்திரன் காலைதோறும் கணேசலிங்கத்துக்குத் தொலைபேசி எடுத்து முதல்நாள் ஆட்டத்தைச் சொல்லுவார். ஜூலை முடிவில் குரல் மெலிந்துபோனது. ஓகஸ்ட் இரண்டாவது வியாழக்கிழமை அவர் இறந்தபோது அவருடைய அணி இரண்டாவது இடத்தில் இருந்தது.

இறுதிப் பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் றஜிந்தன் கணேசலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்காவது சொல்லியிருக்கலாமேண்ணை."

"வாக்குக் குடுத்திட்டன் தம்பி."

ஒரு கிழமை கழித்துக் கணேசலிங்கம் லவாலுக்குப் போனபோது, தன் கணவரின் கைபேசியை மேசையில் வைத்தார் யோசெப்பின். "இது ஒவ்வொரு நாளும் பின்னேரம் சத்தம் போடுது. என்னெண்டு பாருங்கோ அண்ணை."

"இண்டைக்கு ஆரை விளையாட விடுறதெண்டு கேக்குது."

"ஒண்டும் சொல்லாட்டி?"

"அவற்ற அணிக்குப் புள்ளி வராது."

கைபேசியைத் திரும்ப எடுத்தார் யோசெப்பின். பிறகு கதிரையை இழுத்துக் கணேசலிங்கத்துக்குப் பக்கத்தில் இருந்தார். "எப்பிடிச் செய்யிறதெண்டு காட்டுங்கோ."

இன்னும் ஆறு கிழமை மிச்சமிருந்தது. அத்தனை நாளும் யோசெப்பினே செய்தார். அணி நாலாவதாக வந்தது. பதினொரு வருடத்தில் ஞானேந்திரனுக்குக் கிடைத்த ஆக உயர்ந்த இடம் அது.