முதல் வரியில் தேதி

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘தேதி சார்’. சட்டக் கல்லூரியில் உடலுக்கும் உடைமைக்கும் எதிரான குற்றங்களைப் பதினெட்டு வருடமாக நடத்துகிறவர். எந்த விடை எழுதினாலும் முதல் வரியில் இரண்டு தேதி இருந்தாக வேண்டும்: குற்றம் நடந்தது என்றைக்கு, சொல்கிறவருக்குத் தெரிய வந்தது என்றைக்கு. அது இல்லாத தாளை அவர் கையாலும் தொட மாட்டார். “தெரிஞ்சும் ஏன்யா இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்தேன்னுதான் எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல கேப்பான்” என்பார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. புத்தகத்து உதாரணங்கள் அவருக்கு ஆகவே ஆகாது, உப்புச் சப்பில்லாத கேஸ்கள் என்பார். அக்கம்பக்கத்தில், உறவுக்குள் நடந்ததைத்தான் பெயரை எடுத்துவிட்டுக் கேள்வியாக்குவார். முடிவெட்டும் கடையில் தன் குடை தொலைந்ததையே மூன்று வருடம் கேள்வித்தாளில் ஓட்டினார், புண்ணியவான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கரும்பலகையில் இப்படி எழுதினார்: ‘அ என்பவர் தன் மனைவி ஆ-விடம் அவளுடைய தங்க வளையலைக் கேட்கிறார். அவள் மறுக்கிறாள். அவளுடைய இடது கையை முறுக்கி வளையலைக் கழற்றிக்கொண்டு போகிறார். இது திருட்டா, கொள்ளையா?’

அருமையான கேள்விதான். ஏன் இருக்காது? ஒன்பது நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவருடைய சொந்தத் தங்கை அவர் வீட்டுச் சமையலறையில் நின்று சொன்ன கதையாயிற்றே அது!

“அம்மா போட்ட வளையல்ண்ணா. தர மாட்டேன்னேன். நேத்து கையை முறுக்கிப் பிடுங்கிட்டுப் போயிட்டாரு” என்றாள் அவள்.

அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? “புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும்மா. வளையல்தானே, நான் வாங்கித் தரேன். குடும்ப விஷயம் வெளிய போகக்கூடாது. போலீஸ் கீலீஸ்னு போனா நாளைக்கு யார் முகத்துல முழிக்கிறது?” அவள் தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனாள். ஊருக்கெல்லாம் சட்டம் சொல்கிற வாய் தங்கைக்குச் சொன்ன நியாயம் இது.

வகுப்பு களைகட்டியது. “சொந்தப் பொண்டாட்டி நகை சார், இதுல திருட்டு எங்கேருந்து வந்துச்சு?” என்றான் முன்வரிசைக்காரன் ஒருவன். “உன் பைக்கை நாளைக்கு உன் பொண்டாட்டி வித்துட்டா இதே பேச்சைப் பேசுவியா?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். ஒரே சிரிப்பு. அவர் கையைத் தட்டி அடக்கினார். பொருளை எடுப்பதற்காகவே பலத்தைக் காட்டியிருப்பதால் இது கொள்ளை என்று முடித்து, சுண்ணாம்புத் தூளைத் திருப்தியாக உதறினார்.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவள், பாதி நேரம் கண் சொக்கி உட்கார்ந்திருப்பதால் ‘தூங்குமூஞ்சி’ என்று பெயர் வாங்கியவள்.

“சார், அந்தக் கை என்னாச்சு?”

“எந்தக் கைம்மா?”

“ஆ-வோட கை. எலும்பு உடைஞ்சிருந்தா கொடுங்காயம் ஆயிடும், தண்டனையே மாறும். நீங்க அதைச் சொல்லவே இல்லையே. அப்புறம்… தேதியும் போடலை சார்.”

“தேதி சாரே தேதி போடலை!” வகுப்பே கூரை பிய்ந்து போகிற மாதிரி கத்தியது. அவரும் சிரித்துக்கொண்டேதான் பலகைப் பக்கம் திரும்பினார். சுண்ணாம்புக்கட்டியை வைத்த கை அங்கேயே நின்றுவிட்டது.

கை என்னாயிற்று என்று அவருக்குத் தெரியாது. கேட்கவில்லை. அவள் வலது கையால் மட்டும் தேநீர் குடித்ததும், இடது கையைக் கடைசிவரை சால்வைக்குள்ளேயே வைத்திருந்ததும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் தங்கை வீட்டுக்கு ஓடினார்.

தங்கை வலது கையால் கதவைத் திறந்தாள். தையல் இயந்திரத்தின் மேல் பாதி தைத்த சட்டை அப்படியே கிடந்தது. இடது மணிக்கட்டு வீங்கிக் கன்றிப்போய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

“டாக்டர்கிட்ட போகலையா?”

“எப்படி ஆச்சுன்னு கேப்பாங்கல்ல? குடும்ப விஷயம் வெளிய போகக்கூடாதுன்னு நீதானேண்ணா சொன்னே.”

அவள் குத்திக்காட்டவில்லை. அண்ணன் சொன்னதை அப்படியே கேட்டு நடந்திருந்தாள், அவ்வளவுதான். தூ, நானும் ஒரு மனுஷனா என்று அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர் கடிந்துகொண்டார். எலும்பு கோணலாகக் கூட ஆரம்பித்துவிட்டதாம், மறுபடி உடைத்துத்தான் சேர்க்க வேண்டுமாம். “அன்னைக்கே வந்திருந்தா ஒரு கட்டோட போயிருக்கும். இனிமே பிடி பழையபடி வருமான்னு சொல்ல முடியாது.” தையல் இயந்திரத்தில் துணியை நகர்த்திக் கொடுக்கிற கை அது. அவள் அழவில்லை. இவர்தான் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார்.

அங்கிருந்து நேரே காவல் நிலையம். தங்கை தன் புகாரைச் சொல்லி முடித்ததும், ஏட்டு ஒரு வெள்ளைத்தாளை அவர் பக்கம் தள்ளினார். “உங்களுக்குத் தெரிஞ்சதை நீங்களும் எழுதிக் கொடுங்க.”

முதல் வரி. நடந்த தேதியை எழுதினார். தனக்குத் தெரிய வந்த தேதி என்ற இடத்தில் பேனா நின்றது. தங்கை எட்டிப் பார்த்தாள். பார்த்தவளுக்குப் புரிந்துவிட்டது.

“இன்னைக்குத்தான் தெரியும்னு போட்டுக்கோண்ணா” என்றாள் மெதுவாக. “உன் பேரு எதுக்குக் கெடணும்? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அந்த ஒரு வார்த்தை அவரை உலுக்கிவிட்டது. ஒன்பது நாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையின் தேதியை எழுதினார். மீதியையும் மளமளவென்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

ஏட்டு படித்தார். தேதியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“சட்டம் சொல்லிக் குடுக்கிறவர்னு சொன்னீங்க. தெரிஞ்சு ஒன்பது நாளா என்ன சார் பண்ணீங்க?”

“பாடம் நடத்திட்டு இருந்தேன்” என்றார் அவர்.